மறைவிடம் இல்லாத வேட்டை: வான்கோழியின் கண்ணும் ஓராங் அஸ்லியின் ஊதுகுழலும்

அமெரிக்காவில் வசந்த காலம் பிறந்ததும் காட்டு வான்கோழி வேட்டைக்கான பருவம் தொடங்கும். துப்பாக்கியோடு போகிறவர்களே அதிகம். வில்லோடு போகிறவர்கள் சிலர். அந்தச் சிலரிலும், துணிக்கூடாரம் போன்ற மறைவிடம் எதுவும் இல்லாமல், வெட்டவெளியில் மரத்தடியில் உட்கார்ந்து வில்லால் வான்கோழியை எய்யத் துணிகிறவர்கள் மிகச் சிலரே. வேட்டைக்காரர்கள் நடுவே இது மிகக் கடினமான சோதனைகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். கூரிய பார்வை கொண்ட உயிரினத்தை, ஓசை எழுப்பாத ஆயுதத்தோடு, மறைவிடம் இல்லாமல் நெருங்குவது எப்படி என்ற இதே சிக்கலுக்கு இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். அவர்களின் கிராமங்கள் சில கிள்ளான் பட்டணத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. அந்த விடையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், சட்டம் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. அது இனியும் நிலைத்திருக்குமா என்பது இன்று கேள்விக்குரியதாகிவிட்டது.

வான்கோழியின் கண்

கிறிஸ்துமஸ் விருந்தில் காணும் வான்கோழியும் வட அமெரிக்கக் காட்டு வான்கோழியும் ஒரே இனம்தான். மெக்சிகோவில் வீட்டுப் பறவையாக்கப்பட்ட வான்கோழியை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து அது உலகம் முழுவதும் பரவியது. பண்ணை வான்கோழி கொழுத்து மந்தமாக இருக்கும். காட்டு வான்கோழியோ வேகமாக ஓடும், பறக்கும், இரவில் மரக்கிளையில் தங்கும்.

அதன் பெரும் பாதுகாப்பு கண்தான். மனிதனுக்கு இரு கண்களும் முன்னோக்கி இருக்கின்றன. வான்கோழிக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 270 பாகை வரை அதனால் பார்க்க முடியும். தலையைச் சற்றே அசைத்தால் சுற்றுவட்டம் முழுவதும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். மோப்ப சக்தி குறைவு. ஆனால் செவி மிகக் கூர்மையானது. ஓர் ஒலி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைக் கணித்து அந்த இடத்துக்கே நேராக நடந்து வரக்கூடியது.

மானை வேட்டையாடுகிறவர் காற்றின் திசையைப் பார்த்து நிற்பார். தன் வாடை மானை எட்டக்கூடாது என்பதே அவர் கவலை. வான்கோழியிடம் வாடை பெரிதல்ல, அசைவுதான் காட்டிக்கொடுக்கும். ஆடாமல் அசையாமல் இருக்கும் மனிதனை அது மரத்தின் ஒரு பகுதி என்றே எண்ணிக் கடந்து போகலாம். விரல் ஒன்று அசைந்தால் போதும், அது நொடியில் மறைந்துவிடும்.

நாணை இழுக்கும் நொடி

துப்பாக்கி வைத்திருப்பவர் அதை முன்கூட்டியே குறிபார்த்து முழங்காலில் ஊன்றி வைத்துக்கொள்ளலாம். பறவை வந்ததும் ஒரு விரலை மடக்கினால் வேலை முடிந்தது. வில்லுக்கு அந்த வசதி கிடையாது. பறவை நெருங்கிய பிறகு கையை நீட்டி, நாணைப் பின்னால் இழுத்து, பிடித்து, குறிபார்த்து விட வேண்டும். இந்தப் பெரிய அசைவு முழுவதும் அந்தக் கண்களுக்கு எதிரிலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

தொலைவில் இருந்தபடி எய்துவிடலாமே என்றால் அதுவும் சரிவராது. வான்கோழி பெரிதாகத் தோன்றினாலும் பெரும் பகுதி வெறும் இறகு. இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு கைப்பிடி அளவுதான். குறி சற்றுத் தவறினால் பறவை காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து வதைபட்டுச் சாகும். அதனால் பொறுப்புள்ள வில்லாளர்கள் ஏறக்குறைய 25 மீட்டருக்குள் வந்தால்தான் அம்பு விடுவார்கள். பலர் அதைவிடவும் நெருங்கி வரும்வரை காத்திருப்பார்கள்.

இந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான் துணிக்கூடாரம் வந்தது. உள்ளே இருட்டு, அதற்குள் கையை நீட்டி நாணை இழுத்தாலும் பறவைக்குத் தெரியாது. கூடாரமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் வேறு வழிகளைத் தேட வேண்டும்.

முதலாவது, தன் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவது. அப்போது மனித உருவத்தின் விளிம்பு மரத்தோடு கலந்துவிடும். இரண்டாவது, முகம், கை உட்பட உடல் முழுவதையும் காட்டின் நிறத்தில் மூடிக்கொள்வது. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களை அறவே தவிர்ப்பார்கள். சேவலின் தலையில் காணப்படும் நிறங்கள் அவைதான். அவற்றை அணிந்தால் வேறொரு வேட்டைக்காரர் பறவை என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடும். மூன்றாவது, பெட்டையைப் போலக் குரல் எழுப்பிச் சேவலை வரவழைப்பது. ஒலி வந்த இடத்தைச் சேவல் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடும் என்பதால், இருவர் சேர்ந்து போகும்போது குரல் கொடுப்பவர் வில்லாளருக்குப் பின்னால் தள்ளி உட்காருவார். சேவல் குரலைத் தேடி வரும். அதன் கவனம் வில்லாளரைத் தாண்டியே இருக்கும்.

நான்காவதுதான் உயிர்நாடி. பறவையின் தலை ஒரு மரத்தின் பின்னால் மறையும் நொடியில், அல்லது சேவல் தோகையை விசிறிபோல் விரித்துத் திரும்பி, அதன் தோகையே அதன் கண்ணை மறைக்கும் நொடியில் நாணை இழுத்துவிட வேண்டும். அந்த நொடி வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு பறவையை வழியனுப்ப வேண்டியதுதான். 1960களில் அமெரிக்கர் ஹாலஸ் வில்பர் ஆலன் உருவாக்கிய, உருளைகள் பொருத்திய காம்பவுண்ட் வில் இதில் ஓரளவு உதவுகிறது. முழுவதும் இழுத்தபின் கையில் தாங்க வேண்டிய விசை வெகுவாகக் குறைந்துவிடுவதால், நாணை இழுத்தபடியே சிறிது நேரம் காத்திருக்கலாம். ஆனால் இழுக்கும் அந்த முதல் அசைவை எந்த இயந்திரமும் நீக்கிவிடவில்லை.

வில்லைக் கைவிட்டவர்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களான ஓராங் அஸ்லியினரை நெகிரிட்டோ, செனோய், மூத்த மலாயர் என மூன்று பெரும் பிரிவுகளாகவும், 18 இனக்குழுக்களாகவும் அரசாங்கம் வகைப்படுத்தியுள்ளது. அவர்களின் மொத்தத் தொகை சுமார் 2 இலட்சம். சிலாங்கூரில் வாழ்கிறவர்களில் முக்கியமானவர்கள் தெமுவான், மா மெரி இனத்தவர். கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி கிராமங்கள் இருக்கின்றன. அவர்கள் செதுக்கும் மர முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. அதே தீவின் செம்பனைத் தோட்டங்களில்தான் நம் தோட்டப்புறத் தமிழர்களும் தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தார்கள். கோம்பாக், டிங்கில், பந்திங் வட்டாரங்களில் தெமுவான் கிராமங்களைக் காணலாம்.

தீபகற்பத்தின் வடபகுதியில் வாழ்ந்த நெகிரிட்டோ மக்கள் ஒரு காலத்தில் நீண்ட வில்லும் நச்சு அம்பும் வைத்திருந்தார்கள். ஸ்கீட், பிளாக்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1906இல் வெளியிட்ட பெருநூலில் அந்த வில்லைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பிறகு அந்த வில் வழக்கொழிந்தது. ஊதுகுழல் நிலைத்தது. மலாய் மொழியில் இதனைச் சும்பிட் என்பர்.

நம் காட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் ஊதுகுழலின் பொருத்தம் விளங்கும். அமெரிக்க வான்கோழி தரையில் நடந்து வருகிறது. நம் மழைக்காட்டில் அணிலும் குரங்கும் பறவைகளும் தலைக்கு மேலே உயர்ந்த கிளைகளில் இருக்கின்றன. கொடிகளும் செடிகளும் பின்னிக்கிடக்கும் இடத்தில் வில்லை அகல விரித்து இழுக்க இடம் கிடைப்பது அரிது. ஊதுகுழலை இரண்டு இலைகளுக்கு நடுவே மெல்ல மேலே நீட்டிவிடலாம். அதன் பிறகு எந்த அசைவும் தேவையில்லை. ஒரே ஒரு மூச்சு போதும். வான்கோழி வேட்டைக்காரரை வதைக்கும் நாண் இழுக்கும் நொடி இதில் இல்லவே இல்லை.

ஒரு மூச்சின் அறிவியல்

ஊதுகுழல் பார்வைக்கு எளிய மூங்கில் குழாயாகத் தெரியும். உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்டது. உட்குழாய்தான் அம்பு பாயும் பாதை. வெளிக்குழாய் அது வளையாமலும் உடையாமலும் காக்கும் உறை. கணு இல்லாமல் நீண்டு வளரும் ஒரு வகை மூங்கிலே உட்குழாய்க்கு ஏற்றது. கணு இருந்தால் உள்ளே வழவழப்பு கெடும். இரண்டு மீட்டர் வரை கணுவின்றி வளரும் அந்த மூங்கில் மலைப்பகுதிகளில் சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது. அந்த மூங்கில் கிடைக்காத தாழ்நிலங்களில் மரத்தை இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டியும் செய்தார்கள்.

குழல் ஏன் அவ்வளவு நீளம்? இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பொருளின் மீது விசை எவ்வளவு தூரத்துக்குச் செயல்படுகிறதோ அவ்வளவு ஆற்றல் அதற்குக் கிடைக்கும். குட்டையான குழலில் மூச்சின் அழுத்தம் அம்பைத் தள்ளும் தூரம் குறைவு. நீண்ட குழலில் அதே அழுத்தம் அதிக தூரத்துக்குத் தள்ளுவதால் அம்பு வேகமாக வெளியேறும். அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் உராய்வு கூடும், நுரையீரலின் காற்றும் போதாது. தூக்கி நடப்பதும் சிரமம். எனவே சுமார் இரண்டு மீட்டர் என்ற அளவு அனுபவத்தில் கண்டெடுத்த சமநிலை.

அம்பு பனைவகை மரங்களின் மட்டையிலிருந்து சீவி எடுத்த மெல்லிய குச்சி. அதன் பின்முனையில் இலேசான நெட்டி போன்ற பொருளால் ஆன கூம்பு இருக்கும். அது குழலின் உட்சுவரோடு பொருந்தி மூச்சைத் தாங்கும். அதற்குப் பின்னால் பஞ்சு போன்ற தாவர இழையைச் சிறிது அடைப்பார்கள். காற்று பக்கவாட்டில் கசியாமல் முழுவதும் அம்பைத் தள்ள அது உதவுகிறது. அம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே வளையமாக ஒரு கீறல் போடுவதும் உண்டு. அம்பு தைத்ததும் குரங்கு அதைப் பிடுங்கினாலும், கீறல் உள்ள இடத்தில் ஒடிந்து நச்சு நுனி உடலுக்குள்ளேயே தங்கிவிடும்.

இத்தனை மெல்லிய குச்சி ஒரு குரங்கை எப்படி வீழ்த்தும்? குச்சியல்ல, நஞ்சுதான் வீழ்த்துகிறது. ஈப்போ என்ற மரத்தின் பாலிலிருந்து எடுக்கப்படும் நஞ்சு அது. பேராக்கின் தலைநகரம் ஈப்போ பெயர் பெற்றது இந்த மரத்தால்தான். அதன் பாலில் உள்ள வேதிப்பொருள்கள் இதயத் தசையைத் தாக்கி அதன் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடுகின்றன. இதய நோய்க்கு மருத்துவர்கள் சிறிய அளவில் பயன்படுத்தும் டிஜிட்டாலிஸ் வகை மருந்துகளோடு வேதியியலில் உறவு கொண்டவை இவை. இரத்தத்தில் கலந்தால் உயிரைக் கொல்லும் இந்த நஞ்சு வயிற்றின் வழியாக அவ்வளவாக உடலில் சேராது. அம்பு தைத்த இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைச் சமைத்து உண்பார்கள். மனிதர் உடலிலும் ஒரு சிறு கீறல் வழியே ஆபத்து விளைவிக்கக்கூடியது என்பதால் அம்புகளைத் தனித்தனியாகச் செருகி, மூடியுள்ள மூங்கில் கூட்டில் வைப்பார்கள். இது விளையாட்டுப் பொருளன்று என்பதை இளையோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

காடே மறைவிடம்

ஊதுகுழலின் அம்பு இலக்கைச் சரியாகத் தைப்பது பெரும்பாலும் 20 முதல் 30 மீட்டர் தொலைவுக்குள்தான். வான்கோழியை எய்யும் வில்லாளருக்கும் ஏறத்தாழ இதே எல்லைதான். ஆக, ஆயுதம் எதுவானாலும் நெருங்கியாக வேண்டும். மறைவிடம் கட்டாமல் நெருங்குவதற்கு ஓராங் அஸ்லி வேட்டைக்காரருக்கு இருந்த பலம் காட்டைப் பற்றிய அறிவு.

எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும், அதைத் தேடி எந்த விலங்கு வரும், எந்த நேரத்தில் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தி மரம் பழுத்திருந்தால் பறவையைத் துரத்திப் போகத் தேவையில்லை. பறவை அங்கே வரும். மழை பெய்து ஓய்ந்த பிறகு நனைந்த சருகு ஓசை எழுப்பாது என்பது தெரியும். காற்று கிளைகளை அசைக்கும்போது நடந்து, காற்று நின்றதும் தானும் நின்றுவிட்டால் அசைவு தனியாகத் தெரியாது. மேலே உள்ள குரங்கு உண்பதில் மும்முரமாக இருக்கும்போதுதான் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும்.

இது புத்தகத்தில் படித்து வருவதன்று. சிறுவர்கள் சிறிய ஊதுகுழலோடு தொடங்கி, குடியிருப்பைச் சுற்றி அணிலையும் சிறு பறவையையும் குறிபார்த்துப் பழகி, பிறகு தந்தையோடும் மாமனோடும் காட்டுக்குள் போய், பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு மரத்தின் பெயர், ஒரு பறவையின் குரல், ஓர் ஓடையின் திருப்பம் என்று நூற்றுக்கணக்கான செய்திகள் அவர்களின் தாய்மொழியில் வாய்வழியாகக் கைமாறின. அந்தக் காடு முழுவதுமே அவர்களுக்கு மறைவிடமாக இருந்தது; தனியாக ஒன்று கட்ட வேண்டிய அவசியம் எழவில்லை.

தமிழர்களுக்கும் இது அந்நியமல்ல. பழந்தமிழில் பார்வை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. காட்டு விலங்கைக் கவர்ந்து வரவழைப்பதற்காக வேட்டுவர்கள் பழக்கி வைத்திருந்த விலங்குக்கும் பார்வை என்றே பெயர். வான்கோழி வேட்டைக்காரர்கள் இன்று பிளாஸ்டிக்கில் செய்த பெட்டையைத் தரையில் நட்டு வைப்பதும், மலாய்க் கிராமங்களில் பழக்கிய சேவலைக் கட்டிக் காட்டுக்கோழியைக் கவர்ந்ததும் இதே உத்திதான்.

வேட்டைக்கும் ஓர் எல்லை

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் கண்ணப்ப நாயனாரின் வரலாறு நாம் அறிந்ததே. திண்ணனார் என்ற வேடர்குல இளைஞர் வில் பயின்று முதல் வேட்டைக்குப் புறப்படும் பகுதியில், அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் துரத்தவில்லை, விலங்குக் குட்டிகளைக் கொல்லவில்லை, சினையான பெண்மானைத் துன்புறுத்தவில்லை என்று சேக்கிழார் குறிப்பிடுகிறார். இன்றைய வனவிலங்குச் சட்டங்கள் சொல்லும் அடிப்படையும் ஏறத்தாழ இதுதான்.

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ வேட்டையாட வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். காட்டுக்கோழியும் இதில் அடங்கும். ஓராங் அஸ்லியினருக்கு மட்டும் சட்டத்தின் 51ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. காட்டுப் பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி உள்ளிட்ட குறிப்பிட்ட சில இனங்களைத் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக அவர்கள் வேட்டையாடலாம். விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. மீறினால் தண்டனை உண்டு. பசிக்கு வேட்டை வேறு, சந்தைக்கு வேட்டை வேறு என்ற வேறுபாட்டைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சந்தைக்காக வேட்டையாடினால் என்ன ஆகும் என்பதை வான்கோழியின் வரலாறே சொல்லும். ஐரோப்பியர் குடியேறியபோது அமெரிக்கக் காடுகளில் நிறைந்திருந்த அந்தப் பறவை, காடழிப்பாலும் இறைச்சி வியாபாரத்தாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு மறைந்தது. 1930களில் நாடு முழுவதும் 2 இலட்சம் அளவுக்கே எஞ்சியிருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 1937இல் ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரியை வனவிலங்கு மீட்புக்கே செலவிட வேண்டும் என்றது அச்சட்டம். பின்னாளில் வில், அம்பு ஆகியவையும் அந்த வரிக்குள் வந்தன.

முதலில் பண்ணையில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவை பிழைக்கவில்லை. எதிரியைக் கண்டு ஒளிவது, இரை தேடுவது, குஞ்சுகளைக் காப்பது ஆகியவற்றைத் தாயிடம் கற்காத பறவைகள் அவை. பிறகு 1950களில், வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலைகளைக் கொண்டு காட்டு வான்கோழிகளையே உயிரோடு பிடித்து, அவை அழிந்துபோன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகின. இன்று அமெரிக்காவில் சுமார் 60 இலட்சம் காட்டு வான்கோழிகள் இருக்கின்றன. ஆயினும் அண்மைக் காலத்தில் சில தென்மாநிலங்களில் எண்ணிக்கை மீண்டும் குறைந்து வருவதால் அங்கே வேட்டை விதிகளை இறுக்கியிருக்கிறார்கள்.

பண்ணைப் பறவை காட்டில் பிழைக்கவில்லை என்ற செய்தியை இளையோர் கவனிக்க வேண்டும். காட்டு வாழ்க்கையின் அறிவு ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால், உடல் மட்டும் இருந்து பயனில்லை.

காடு போனால்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓராங் அஸ்லியினர் எதிர்நோக்கும் சிக்கலும் இதை ஒத்ததுதான். கோலாலம்பூர் வளர வளர, நெடுஞ்சாலையும் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் பெருகப் பெருக, அவர்களின் காடு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

டிங்கில் வட்டாரத்தில் புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கிராமம் இருக்கிறது. 1995இல், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக அங்குள்ள 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கிடைத்தது, நிலத்துக்குக் கிடைக்கவில்லை. சாகோங் பின் தாசி உள்ளிட்ட கிராமத்தினர் நீதிமன்றம் சென்றார்கள். 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், வழக்காறு வழியாக அந்த நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். சட்டம் பயில விரும்பும் நம் மாணவர்கள் அவசியம் படித்துப் பார்க்க வேண்டிய வழக்கு இது.

அடுத்தது கோல லங்காட் வட காட்டு வளப்பகுதி. கிள்ளானுக்குத் தெற்கே பந்திங் செல்லும் வழியில் உள்ள கரிச்சதுப்புக் காடு இது. சூரியக் கரடியும், லங்காட் சிவப்புச் சண்டைமீன் என்ற அரிய மீனும் இங்கே வாழ்கின்றன. சுற்றிலும் தெமுவான் கிராமங்கள். 2020இல் இந்தக் காட்டின் பெரும்பகுதியைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் வெளியானபோது ஓராங் அஸ்லியினரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2021 ஆகஸ்டு மாதம் 530 ஹெக்டருக்கும் மேற்பட்ட பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. எதிர்ப்பு மேலும் வலுத்தது. அடுத்த மாதமே சிலாங்கூர் அரசு அந்த முடிவைக் கைவிட்டது.

இந்தக் காடுகள் மரம் நிறைந்த வெற்று நிலங்கள் அல்ல. எந்த மரம் எப்போது பழுக்கும் என்று ஒரு தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்க, அந்த மரம் நிற்க வேண்டும். ஊதுகுழலை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காத்துவிடலாம். மூங்கிலும் ஈப்போ மரமும் அத்திப் பழமும் அதைத் தேடி வரும் பறவையும் இல்லாத இடத்தில், அந்தக் குழலைப் பிடிக்கத் தெரிந்த கையைக் காப்பாற்ற முடியாது. காடு சுருங்கியதால் பல கிராமங்களில் இளையோர் செம்பனைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் சம்பளமும் வேண்டும். அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலைக்கு அவர்கள் தள்ளப்படுவது நியாயமல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கோயிலும் பள்ளியும் லயத்து வாழ்க்கையும் சிதறிப்போன அனுபவம் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. அவர்களின் வேதனை நமக்கு எளிதில் புரிய வேண்டும்.

இளையோர் செய்யக்கூடியவை

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது தேசிய அருங்காட்சியகம். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியாகப் போகலாம். அந்த வளாகத்திலேயே ஓராங் அஸ்லி கைவினைக்கான ஒரு காட்சியகமும் உண்டு. கோம்பாக்கில் ஓராங் அஸ்லி அருங்காட்சியகம் இருக்கிறது. ஊதுகுழல், அம்புக்கூடு, கண்ணி, வேட்டைக் கருவிகள் ஆகியவற்றை நேரில் காணலாம். புறப்படுவதற்கு முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. கேரித் தீவின் மா மெரி பண்பாட்டுக் கிராமத்துக்கு, முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பள்ளிக் கழகங்கள் குழுவாகச் சென்று வரலாம். கைப்பேசியில் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பதும், பெரியவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பதும் அங்கே நாம் காட்ட வேண்டிய மரியாதை.

வில்வித்தையில் ஆர்வம் உள்ளவர்கள் முறையான பயிற்சித் திடலில், பயிற்றுநர் மேற்பார்வையில் பழகலாம். மூச்சைக் கட்டுப்படுத்துவதும் அசையாமல் நிற்பதும் படிப்புக்கும் உதவும். தெருவில் பூனையின் மீதும் புறாவின் மீதும் குறி பார்ப்பது வீரமும் அல்ல, சட்டப்படி சரியும் அல்ல. பறவைகளை நெருங்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் அம்பு தேவையில்லை. ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் போதும். வீட்டருகே உள்ள பூங்காவில் மரத்தில் சாய்ந்து அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் வராது. அதன் பிறகு மரங்கொத்தியோ மீன்கொத்தியோ உங்களைப் பொருட்படுத்தாமல் அருகில் வந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். மறைவிடம் இல்லாத வேட்டையின் முதல் பாடம் அதுதான்.

எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் மாணவர்களுக்கு வனவியல், வனவிலங்கு உயிரியல், மானிடவியல், சுற்றுச்சூழல் சட்டம் ஆகிய துறைகள் திறந்திருக்கின்றன. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் வனவியல் கல்விக்குப் பெயர் பெற்றது. நம் பிள்ளைகள் இத்துறைகளில் குறைவு. ஈப்போ மரத்தின் வேதியியலை ஆராயவும், ஒரு தெமுவான் பெரியவரின் காட்டறிவைப் பதிவு செய்யவும், ஒரு கிராமத்தின் நில உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அந்த ஆட்களில் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கும் இளையோரிலிருந்து வரட்டும்.